அட்டாலியில் இருப்பது குப்பை அல்ல

கோவையில் வீடு மாறுகிற குடும்பங்களுக்கு இன்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அறிவுரை வருகிறது. ஒரு வருஷமாகக் கையில் எடுக்காத பொருளைக் கழித்துவிடு. மனசுக்கு மகிழ்ச்சி தராத எதையும் வைத்துக்கொள்ளாதே. விட மனசில்லையா, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடு. நினைவு மனசில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை. பிள்ளைகள் தலையில் சுமையைக் கட்டிவிட்டுப் போகாதே. யூடியூப் காணொளிகள், வார இதழ்களின் வீட்டுப் பக்கங்கள், வீட்டு அலங்காரம் செய்து தருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி இது அறிவுரை என்ற நிலையைக் கடந்து ஓர் ஒழுக்க விதியாகவே ஆகிவிட்டது. கழிப்பவர் பக்குவப்பட்டவர், வைத்திருப்பவர் பழசைக் கட்டி அழுகிறவர் என்று ஆகிவிட்டது.

இந்தக் கருத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். இதில் சரியான பகுதியும் உண்டு, அதையும் சொல்வேன். ஆனால் கொங்கு நாட்டு வீடுகளின் அட்டாலி என்கிற பரணிலும் பொடக்காணி என்கிற கொல்லைப்புறத்திலும் மரப்பெட்டியிலும் இருக்கிற பொருள்கள் விஷயத்தில் இந்த அறிவுரையின் அடிப்படைக் கேள்வியே பிசகு. ‘இது எனக்கு வேண்டுமா?’ என்று அது கேட்கச் சொல்கிறது. முதலில் கேட்க வேண்டியது, ‘இது யாருடையது?’ என்பது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் நடக்கிற எந்தக் கழிப்பும் அடுத்தவர் சொத்தில் கைவைப்பதுதான் என்பது என் வாதம்.

இந்தப் போக்குக்கு உலகம் முழுவதும் முகமாக இருப்பவர் ஜப்பானின் மேரி கோண்டோ. 2011இல் ஜப்பானிய மொழியில் வந்த அவருடைய புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மனதில் மகிழ்ச்சியைக் கிளப்புகிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அவர் முறை. அவர் சொன்னதை நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான்கள் என்று வரிசை வைத்து, நினைவோடு பிணைந்த பொருள்களைக் கடைசியாகத் தொடுங்கள் என்றார் அவர். அவற்றை முடிவுசெய்வது கடினம், அதற்குள் கை பழகியிருக்க வேண்டும் என்பது காரணம். நம்மூரில் நடப்பது இதற்கு நேர்மாறு. இங்கே முதலில் வெளியேறுவதே நினைவுப் பொருள்தான். ஏனென்றால் அது பித்தளை, அது வெண்கலம், அது செம்பு. கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு விழும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கி ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத ஜூஸ் மெஷினுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதனால் அது சமையல் மேடையிலேயே இருக்கும். அம்மாவைப் பெற்ற அமுச்சியின் குடம் போய்விடும்.

அந்தக் குடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. இடுப்பில் இடுக்கித் தண்ணீர் சுமந்ததில் ஒரு பக்கம் லேசாக மழுங்கியிருக்கும். கிணற்றுமேட்டுக் கல்லில் பட்ட ஒடுக்கு அடியில் இரண்டு. கழுத்துக்குக் கீழே தோள் வளைகிற இடத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. முதலில் ஊர்ப் பெயரின் எழுத்து, அடுத்து அப்பன் பெயரின் எழுத்து, அதன் பிறகு என் அமுச்சியின் பெயர். அடிப்பக்கத்தைத் திருப்பினால் வேறொரு கை குத்திய எழுத்தில் இன்னொரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அது அமுச்சியின் அம்மா. மகள் கல்யாணத்துக்குத் தன் குடத்தையே புளி போட்டு விளக்கி, மேலே மகள் பெயரை வெட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். புதுக்குடம் வாங்க அந்த வருஷம் வெள்ளாமை இடம் தரவில்லை என்று அம்மா சொல்வார். இரண்டு தலைமுறைப் பெண்கள், ஒரு பஞ்ச வருஷம், ஒரு கல்யாணம் எல்லாம் அந்த ஒரு பாத்திரத்தின் மேலும் கீழும் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தப் பெண்களின் பெயர் வேறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நிலப் பத்திரத்தில் இருக்காது. சிட்டாவில் இருக்காது. கோயில் கல்வெட்டில், ஊர் நன்கொடைப் பலகையில், வீட்டு முகப்பில் ஆண்களின் பெயரே இருக்கும். பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்குச் சான்றிதழ் கிடையாது. நம் கொங்குச் சீமையில் பெரும்பாலான பாட்டிமார்களின் பெயர் தாங்கிய ஒரே பொருள் பாத்திரம்தான். பாத்திரக் கடையில் ‘பேர் வெட்டணுமுங்களா?’ என்று கேட்டார்களே, அந்தக் கேள்விதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பதிவேடு. அதை நாம் இன்று எடைக்குப் போடுகிறோம்.

இது உணர்ச்சிக்காகச் சொல்கிற பேச்சல்ல. சட்டமும் சேர்ந்துதான் இந்தப் பாத்திரங்களுக்கு இந்த அர்த்தத்தைக் கொடுத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பிறப்புரிமைப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் சொன்னது 1989 மார்ச் 25 முதல்தான். அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் முடிந்த பெண்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான மத்தியச் சட்டத்திருத்தம் 2005இல் வந்தது. அதன் பொருளை உச்ச நீதிமன்றம் ஐயம் திரிபறத் தெளிவாக்கியது 2020இல். அப்படியானால் அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கையில் வந்தது என்ன? சீர். நகை, துணிமணி, அண்டா, குண்டா, குடம், போசி, வட்டில், குத்துவிளக்கு. தோட்டமும் கிணறும் அண்ணன் தம்பிக்கு, பாத்திரம் பெண்ணுக்கு. நகை பெரும்பாலும் அடகுக்கும் மகன் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விடும். கடைசிவரை அந்தப் பெண்ணின் பெயரில் நிற்பது அட்டாலியில் ஏற்றிவைத்த அந்தப் பித்தளைதான். அதுதான் அவள் பங்கு.

இப்போது அந்த அறிவுரையைத் திரும்பக் கேளுங்கள். ‘ஒரு வருஷமாகப் பயன்படுத்தவில்லையே, எதற்கு?’ அப்பாரு வாங்கிப்போட்ட ஐந்து செண்டு இடத்தைப் பத்து வருஷமாக யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைக் கழித்துவிடு என்று யாராவது சொல்கிறார்களா? வேலி போட்டு வைக்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா மாற்றுகிறோம். ஆணின் பெயரில் இருக்கிற பொருளுக்குப் பயன்பாடு என்ற தேர்வு கிடையாது. பெண்ணின் பெயரில் இருக்கிற பொருள் மட்டும் ஆண்டுதோறும் தன்னை நிரூபிக்க வேண்டும். இந்தப் பாரபட்சத்துக்குத்தான் எளிமை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எடைக்குப் போட்ட பித்தளை எங்கே போகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலோ ஊர்ப் பாத்திரக் கடையிலோ தராசில் ஏறுகிறது. அங்கே பெயரை யாரும் படிப்பதில்லை. பிறகு மொத்தமாக உருக்கப் போகிறது. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பல தலைமுறைகளாகப் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன இடம். அங்கே பிறந்த எத்தனையோ பாத்திரங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பட்டறைத் தீக்கே திரும்புகின்றன. உலோகம் அழிவதில்லை, மறுபடி பாத்திரமாகும். அந்தத் தொழிலாளியின் உழைப்பைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தீயில் உருகிப் போகிற எழுத்து திரும்பி வராது.

‘நினைவு மனசில் இருக்கிறது, பொருளில் இல்லை’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருடைய மனசில் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. என் அமுச்சியின் நினைவு என் மனசில் இருக்கலாம்; என் மகளுடைய மகளின் மனசில் இருக்க வழியில்லை. அவள் அமுச்சியைப் பார்த்ததே கிடையாது. பார்க்காதவர்களுக்கு நினைவைக் கொண்டுசேர்ப்பது பொருள் மட்டும்தான். ஒரு சின்னப் பிள்ளை பொடக்காணியில் கிடக்கிற மர உழக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘இது என்னங்க அப்பிச்சி?’ என்று கேட்கிறது. அப்போதுதான் பேச்சு தொடங்குகிறது. படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. செல்போனில் இருக்கிற பத்தாயிரம் படங்களுக்கு நடுவே எடுத்துவைத்த குடத்தின் படத்தை, எடுத்தவரே மறுபடி தேடிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்துக்கு எடை கிடையாது, அடிப்பக்கம் கிடையாது. அடிப்பக்கத்தில் இருந்த பெயரைப் படம் எடுத்தவர் கவனித்திருக்கவும் மாட்டார்.

பொருள்கள் நமக்குப் பெருமை மட்டும் சொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் வள்ளம் இருந்தது, படி இருந்தது. பண்ணயத்தாள்களுக்குக் கூலி பணமாக அல்ல, தவசமாக இந்த அளவைகளால்தான் அளக்கப்பட்டது. கம்பும் சோளமும் எப்படி அளந்தார்கள், யார் அளந்தார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்று துண்டை விரித்து வாங்கினார்கள் என்ற கதை அந்த வள்ளத்தில் இருக்கிறது. சில வீடுகளில் தாழ்வாரத்து எரவாணத்தில் தனியாகச் செருகியிருந்த குவளையும் கொட்டாங்குச்சியும் இன்னொரு கதையைச் சொல்லும். அவை யாருக்காக அங்கே இருந்தன என்பது ஊரறிந்த விஷயம். வீட்டைச் சுத்தம் செய்கிற சாக்கில் அந்தச் சாட்சியும் சேர்ந்து அழிகிறது. பெருமை பேசுகிற பொருளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, கணக்குக் கேட்கிற பொருளைக் குப்பையில் போட்ட குடும்பம் தன்னைப் பற்றி ஒரு பொய்யைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். நான் வைத்திருக்கச் சொல்வது வெறும் பாசத்துக்காக அல்ல. நாம் யாராக இருந்தோம் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்க வேண்டும் என்பதற்காக.

சான்று என்றால் செப்பேடும் ஓலையும்தானே, சட்டிபானை எப்படிச் சான்றாகும் என்று கேட்பவர்கள் உண்டு. செப்பேடும் ஓலையும்கூட ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தவைதான். ஈரோட்டைச் சேர்ந்த புலவர் செ. இராசு கொங்கு நாட்டு ஊர் ஊராக அலைந்து, குடும்பங்களும் கோயில்களும் மடங்களும் பாதுகாத்து வந்த செப்பேடுகளையும் ஓலை ஆவணங்களையும் படித்துப் பதிப்பித்தார். அவர் தொகுத்த கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2023இல் அவர் மறைந்தபோது கொங்கு வரலாற்றில் அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஆவணங்களின் அளவை எல்லோரும் வியந்து பேசினார்கள். அந்த வியப்பில் ஒரு பங்கு, எழுத்தைப் படிக்கவே தெரியாமல் அந்தப் பெட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த வீட்டுக்காரர்களுக்கும் உரியது. ‘நமக்குப் புரியவில்லை, எதற்கு இடத்தை அடைக்கிறது’ என்று அவர்கள் நினைத்திருந்தால் இராசுவுக்குப் படிக்க எதுவும் இருந்திருக்காது.

அப்படி நினைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. ஆகம முறைப்படிதான் செய்தோம் என்றும் அவரிடம் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு ஏடுகளை விட்ட வழக்கத்தையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழசை மரியாதையோடு, முறைப்படி விடுகிறோம் என்றே நம்பினார்கள். இன்று ‘நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்’ என்று சொல்பவர்களும் அதையேதான் நம்புகிறார்கள். விடுகிற முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் போனது போனதுதான்.

காகிதக் குப்பை என்று நாம் கழிப்பதற்கு இன்னொரு சாட்சி, செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா. புத்தகங்களோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், பழைய இதழ்கள் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் நூலகமாக அமைய வழிசெய்தது. அதுதான் இன்று தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையைப் பற்றி ஆராய்கிற எவரும் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையை ஒரு வருஷம் கழித்து யாரும் பயன்படுத்துவதில்லை. ஓராண்டு விதியின்படி அது முதல் குப்பை. எண்பது வருஷம் கழித்து அது ஒரு காலத்தின் பெயர்களையும் சாதிப் பட்டங்களையும் ஊர்களையும் அச்சகங்களையும் சொல்கிறது.

கோவையிலேயே வேறொரு பாடம் இருக்கிறது. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளையும் சேகரிப்புகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறோம். 1893இல் பிறந்து 1974இல் மறைந்த அந்த மேதை, இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அவர் உருவாக்கிய சவரக் கருவிக்கும் எந்திரங்களுக்கும் கண்ணாடிப் பேழை தகும். ஆனால் அதே காலத்தில் அதே மண்ணில் ஒரு பெண் அறுபது வருஷம் குடும்பத்துக்கே சோறாக்கிய வெண்கலப் பானைக்கு மட்டும் பழைய இரும்புக் கடை என்றால், எந்த உழைப்பை நினைவில் வைக்க வேண்டும், எதை மறக்கலாம் என்று நாம் பேசாமலே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தத் தீர்ப்பை மாற்றி எழுத அரசாங்கம் அருங்காட்சியகம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு போதும்.

‘பழசைக் கழிப்பது நம் மரபுதானே, போகிப் பண்டிகையே அதற்குத்தானே’ என்பது அடுத்த வாதம். மரபை அழைப்பவர்கள் கொங்கு நாட்டில் அந்த நாளில் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நமக்கு அது காப்புக்கட்டு. வீட்டுக்கு வெள்ளையடித்து, சாணி மெழுகி, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி, வாசல் எரவாணத்திலும் கட்டுத்தறியிலும் தோட்டத்திலும் செருகுகிறோம். இருப்பதற்குக் காப்புக் கட்டுகிற நாள் அது. கிடைத்ததையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துகிற வழக்கம் நம் பக்கத்து ஊர்களில் வேரூன்றியதல்ல. அன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் நூற்பாவும் வீட்டுச் சாமானைப் பற்றிப் பேசவில்லை. காலப்போக்கில் மொழிவழக்கு மாறுவது குற்றமாகாது என்ற இலக்கண விதி அது. அதை எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகே உள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மரபு உரிமை கொண்டாடுகிறது. நம்மூர்க்காரர் எழுதிய இலக்கணத்தைக் கொண்டு நம் பாட்டியின் பெட்டியைக் காலிசெய்ய வேண்டாம்.

நம் மரபு உண்மையில் சொல்லித் தந்தது வேறு. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் ஏந்த மாட்டோம். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பழஞ்சேலையிலும் வேட்டியிலும்தான் ஏந்துவோம். அந்தச் சேலைதான் தொட்டில். கிழிந்தால் மெத்தைக்கு உறை, அதுவும் நைந்தால் கைப்பிடித் துணி. அண்டா வீட்டுக்கு வீடு விசேஷத்துக்குப் போய்வரும். பவானி ஜமக்காளம் ஒரு வீட்டில் இருந்தால் தெருவே அதில் உட்காரும். பொருள் ஓரிடத்தில் தேங்கியிருக்கவும் இல்லை, தூக்கி எறியப்படவும் இல்லை. கை மாறிக்கொண்டே இருந்தது. யாருடையது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் பெயரை வெட்டினார்கள்.

எதிர்த் தரப்பில் நான் மதிக்கிற நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை மழுப்ப மாட்டேன். சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ இரண்டு படுக்கையறை பிளாட்டில் இருக்கிற குடும்பத்துக்குத் தொட்டிக்கட்டு வீட்டின் சாமான் முழுவதும் கொள்ளாது. பொருளைத் துடைத்து, விளக்கி, அடுக்குகிற வேலை வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. ‘எதையும் போடாதே’ என்று உத்தரவு போடுகிற ஆண்கள் பலர் ஒரு குத்துவிளக்கைக்கூட விளக்கியதில்லை. எதையும் விட முடியாமல் வீடு முழுக்கச் சேர்த்துக்கொண்டே போவது ஒரு மனநோயாகவே இருக்கலாம் என்று மருத்துவமும் 2013 முதல் தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. அவர்களுக்குத் தேவை சிகிச்சை, மரபுப் பெருமை அல்ல. இறந்தவரின் அறையைத் தொடாமல் பூட்டிவைத்துக்கொண்டு உள்ளுக்குள் கரைகிறவர்களுக்கும் அந்தக் கதவைத் திறக்க உதவி வேண்டும்.

ஆனால் இந்த நியாயங்களில் எதுவுமே ‘ஒரு வருஷம்’ என்ற விதிக்கு வலுச் சேர்க்கவில்லை. எல்லாமே ‘யாருடையது’ என்ற கேள்விக்குத்தான் கொண்டுவந்து விடுகின்றன. என் அமுச்சி ஆட்டாங்கல்லைத் தானே பொடக்காணிக்கு உருட்டிவிடச் சொன்னார். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. தோள்பட்டை தேய மாவாட்டிய பெண் கிரைண்டரை வரவேற்றதில் நியாயம் முழுக்க அவர் பக்கம். ஆட்டியது அவர் கை, விட்டதும் அவர் முடிவு. நாற்பது வருஷம் பித்தளை விளக்கிய ஒரு பெண், ‘போதும் சாமி, எடுத்துட்டுப் போங்க’ என்றால் யாரும் குறுக்கே பேசக் கூடாது. நான் எதிர்ப்பது அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற வாரத்தில், அல்லது காரியம் முடிந்த மறுநாளில், மற்றவர்கள் கூடி எடுக்கிற முடிவை.

‘பிள்ளைகளுக்குச் சுமை’ என்ற வாதமும் இப்படித்தான். சுவீடனில் வயதானவர்கள் இறப்பதற்கு முன்பே தங்கள் பொருள்களைத் தாங்களே ஒழுங்குசெய்துவிடுகிற வழக்கம் பற்றி 2017இல் மார்கரெத்தா மாக்னுசன் எழுதிய புத்தகம் இங்கேயும் பேசப்படுகிறது. அதில் நல்ல செய்தி ஒன்று உண்டு: முடிவெடுப்பவர் பொருளுக்கு உரியவரே. நம்மூர்க்காரர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, கழிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் சுமையாவது கதை தெரியாத பொருள். யார் கொடுத்தது, யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்த ஒரு குடம் யாருக்கும் சுமையாகாது. தெரியாத நாற்பது சாமான் சுமைதான். அந்தத் தெரியாமைக்குக் காரணம் பொருள் அல்ல. உரியவர் உயிரோடு இருந்தபோது நாம் கேட்காததே காரணம்.

வீட்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டிருப்பது எது என்று கண் திறந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். அட்டாலியில் ஐம்பது வருஷமாக இருக்கிற பத்துப் பாத்திரம் அல்ல. போன ஐந்து வருஷத்தில் தள்ளுபடி என்று வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், உடைந்த சார்ஜர்கள், ஒன்றுக்கு மூன்றாகச் செருப்புகள், விசேஷ வீடுகளில் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்கிற பரிசுச் சாமான்கள். கழிக்கச் சொல்கிற இயக்கம் வாங்குவதைப் பற்றிப் பேசுவது குறைவு. மேரி கோண்டோவின் நிறுவனமே 2019 நவம்பரில் வீட்டுச் சாமான் விற்கிற இணையக் கடையைத் திறந்தது. காலியான இடம் காலியாக இருப்பதில்லை. பழசு போன அலமாரியில் புதுசு வந்து உட்காரும், அதுவும் மூன்று வருஷத்தில் வெள்ளலூருக்குப் போகும்.

வெள்ளலூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 650 ஏக்கரில் கோவை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. நகரத்தின் குப்பை நாளுக்கு ஏறத்தாழ 1,000 டன். அங்கே தீப்பிடித்தால் சுற்று வட்டார மக்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசிக்கிறார்கள். அந்த வெள்ளலூரில்தான் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891இலும் 1931இலும் மறுபடி கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள். நொய்யல் கரையும் பாலக்காட்டுக் கணவாயும் கடல் கடந்த வணிகத்தோடு எப்படிப் பிணைந்திருந்தன என்று நமக்குச் சொல்கிற முதல் தரச் சான்றுகளில் அவையும் அடக்கம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்துப் பத்திரப்படுத்தியதால் அவை நமக்கு வந்தன. நம் காலத்தைத் தேடி நாளை அங்கே தோண்டுபவர்களுக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பது நம் வீட்டுக்குள்ளேதான் தீர்மானமாகிறது.

ஆகவே நான் முன்வைக்கிற மாற்று முறை இது. கழிப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி: இது யாருடையது, எப்படி வந்தது, யாருக்குப் போக வேண்டும். மூன்றுக்கும் பதில் தெரியாத பொருளை, பதில் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வெளியே அனுப்பக் கூடாது. பாத்திரத்தில் வெட்டிய பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவோ அமுச்சியோ ஆத்தாவோ சொல்வதைச் செல்போனில் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். செல்போனுக்கு இந்த வேலை பொருந்தும். எல்லாவற்றையும் வைத்திருக்க இடமில்லையா, பெயர் வெட்டியதை வைத்துக்கொண்டு பெயரில்லாததை விடுங்கள். விடுவதையும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் உறவில் கேளுங்கள். அத்தை மகள் கேட்கலாம், பிறந்த வீட்டுப் பங்காளி கேட்கலாம், உங்கள் வீட்டில் வேலைசெய்த குடும்பம் அந்த வள்ளத்தைத் தன் கதையாகக் கேட்கலாம். கொடுக்கும்போது கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதங்கள், கணக்கு நோட்டுகள், பத்திரிகைகள், ஓலைகள் இருந்தால் நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ கேட்காமல் ஒரு தாளைக்கூடப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். இதையெல்லாம் செய்தபின்பும் மிஞ்சுவதைத் தயங்காமல் கழியுங்கள். அதில் குற்றமில்லை.

இதற்குக் காலம் குறைவு. 1989க்கு முன் கல்யாணமாகி, பங்கு என்று பாத்திரத்தை மட்டுமே வாங்கி வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இன்னும் ரொம்ப நாள் இருக்காது. அவர்களுக்கு நிலத்தில் பங்கு கொடுக்காதது முந்தைய தலைமுறை செய்த அநியாயம். அதற்குப் பதிலாகக் கொடுத்ததையும் அவர்களைக் கேட்காமலே எடைக்குப் போட்டால், அது நாம் செய்கிற அநியாயம். வரும் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குள் ஏணி போட்டு அந்தப் பாத்திரங்களைக் கீழே இறக்குங்கள். உரியவர் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.